மாமியின் பெயர் எழுதிய துண்டு

2025 ஜனவரி 20, திங்கள்

கடைக்குப் புது மிஷின் வந்தது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்க்கிற மிஷின். தாடையை வைத்து உட்கார்ந்தால் கண்ணில் 'புஸ்' என்று காற்று ஊதும், ஓர் இலக்கம் வரும். அவ்வளவுதான். கடை முதலாளி பஸ்லான் காக்கா அதை ஏறாவூரிலிருந்து ஓட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தார், பிறந்த பிள்ளையைக் கொண்டு வருகிறவர் மாதிரி. "முதல்ல நீ இரி புள்ள, உன்னிலதான் பழகோணும்" என்றார்.

இருந்தேன். வலது இருபத்தொன்பது, இடது இருபத்தேழு. இருபத்தொன்றுக்கு மேல் போகக்கூடாதாம். மிஷின் பிழை என்று காக்கா தன் கண்ணை வைத்துப் பார்த்தார். பதினான்கு. மறுபடி என்னை இருத்தினார். மறுபடியும் இருபத்தொன்பது.

ஆறு வருடமாகச் செங்கலடியில் ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆவணியில் கலியாணம். கூறைக்கு நிறம் பார்க்கத் தெரியாமலா போகப்போகிறேன்?

ஜனவரி 21

அப்பா மாமிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். கண் தெரியாத மனிசனுக்குச் சைகை காட்டி என்ன பயன். "எனக்கு அவ ஒரே அக்கா. மகனுக்குக் கேட்டிரிக்கிற பொம்புள இவள். அவவுக்கு ஒளிக்கிறதா?" என்றார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

மாமி வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, நான் மனசில ஒண்டும் வச்சிச் சொல்லல்ல" என்று அப்பாவைப் பார்த்துத்தான் தொடங்கினார். "பொம்புளப் புள்ள தாய்ட குடிதானே. உன்ட பொஞ்சாதி புஸ்பத்துட குடியில கண் பழுது இரிக்கி. நாளைக்கு எனக்குப் பொறக்கிற பேரப்புள்ளையளும் அந்தக் குடிதான். குருட்டுக் குடிக்கு எப்பிடி நான் என்ட ஒரே புள்ளையக் குடுக்கிற?"

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா தன் இரண்டு கண்ணையும் காட்டி, "அப்ப எனக்கு?" என்று கேட்டார்.

"உனக்குச் சீனி வருத்தத்தால போன கண். அது வேற."

எழும்பிப் போய்விட்டாள். பிறந்த நாளிலிருந்து சதீசன் மச்சானுக்கு என்று என்னைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. இனி நான் அவளை அவள் என்றுதான் எழுதுவேன். இது என் கொப்பி.

பெப்ரவரி 3

மச்சானுக்குப் போன் எடுத்தேன். "அம்மாட சொல்லத் தட்டேலா, வதனி" என்றார். நல்ல பிள்ளை! இருவரையும் விடமாட்டேன். அவளை முதலில்.

பெப்ரவரி 18, செவ்வாய்

கண் கிளினிக். துணைக்கு வந்த அப்பாவையும் டொக்டர் இருத்தினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் வயதுதான் இருக்கும். அப்பாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஐயா, இது சீனியாலை வந்ததில்லை. அழுத்தம் கூடி நரம்பு செத்திருக்கு. குளுக்கோமா."

அப்பா பஸ் ஓட்டினவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் கடை முகப்பொன்றில் உரசினார். மற்றொரு நாள் பக்கத்தில் வந்த சைக்கிளைக் காணவில்லை. நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறது, பக்கத்தில் வருவதுதான் தெரியவில்லை என்று அப்போதே சொன்னார். சீனி சீனி என்று பாகற்காய்ச் சாறு குடிக்கக் கொடுத்தோம். "கண் கெட்ட பொறகு சூரிய நமஸ்காரம்" என்று டொக்டரிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு நரம்பு இன்னும் பழுதாகவில்லை. இரவில் ஒரு துளி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதோடு வாழலாம்.

டொக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தார். நான் முந்திக்கொண்டு, "நான் அம்மாட குடி, டொக்டர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் குடி என்கிற வம்சம் தாய் வழியாகத்தான் வரும் என்று விளங்கப்படுத்தினேன். சிரித்தார். "கண்ணுக்குக் குடி தெரியாது. அழுத்தத்தைக் கூட்டிற மரபணு ஒண்டு ரெண்டில்லை, கனக்க இருக்கு. ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும். பாதி அம்மாவிலை இருந்து வரும், பாதி அப்பாவிலை இருந்து வரும்."

கண்ணுக்குள் எந்நேரமும் தண்ணீர் ஊறி வடிகிறதாம். வடிகிற வழி இறுகினால் அழுத்தம். அப்பா உடனே, "முகத்துவாரத்த மண் மூடினா வாவித் தண்ணி ஏறி வயல் வட்டைக்குள்ள வாற மாதிரி" என்றார். "அதேதான் ஐயா" என்றார் டொக்டர்.

பிறகு கேட்டார்: "ஐயாக்குக் கூடப்பிறந்த ஆக்கள்?"

ஓர் அக்கா என்றேன்.

"அவவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. கூடப்பிறந்தவைக்கு மற்ற ஆக்களை விடப் பல மடங்கு ஆபத்து. பிந்தக்கூடாது." ஒரு துண்டு எழுதித் தந்தார். சீதேவிப்பிள்ளை, வயது 63. திகதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் கேட்டேன், உங்கள் அம்மாவுக்குக் கடைசியில் கண் தெரிந்ததா என்று. "செவரத் தடவித் தடவித்தான் நடந்தவ. வயசு எண்டு நினைச்சம்."

அப்பாவும் மாமியும் ஒரே தாய் வயிறு. ஒரே குடி. மல்லாந்து படுத்துத் துப்பியிருக்கிறாள். துண்டை நானே கொண்டு போய்க் கொடுப்பதாக அப்பாவிடம் சொன்னேன். இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொந்தத்தில் ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள். அவளும் வந்திருந்தாள். வெற்றிலைத் தட்டை அவளின் வலப்பக்கமாக நீட்டினேன், நாலு பேர் பார்க்க. அவள் எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை. சனம் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிறகுதான் கவனித்தேன். தேத்தண்ணித் தட்டோடு வரும்போது வலத் தோளைக் கதவு நிலையில் இடித்தாள். கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். வலப்பக்கத்திலிருந்து கையை மெல்ல மெல்லக் கொண்டு போய்ப் பார்த்தேன், ஈ ஓட்டுகிற சாட்டில். மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் திடுக்கிட்டாள்.

அவள் என்னை அவமதிக்கவில்லை. அவளுக்கு நான் தெரியவேயில்லை.

மார்ச் 10

நித்திரை கொள்ளாமல் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

இந்தத் துண்டை ஊரறியக் காட்டினால் அம்மாவின் குடிக்கு வந்த பழி போகும். அவளுடைய குடிதான் கண் பழுது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் காட்டினால் அவள் கிளினிக்குப் போவாள், மருந்து விடுவாள், கண் தப்பும்.

காட்டாவிட்டால் அப்பாவைப் போல ஆவாள். ஆனால் பழி எங்களோடுதான் இருக்கும்.

எது வேண்டும் எனக்கு?

பழி இருக்கட்டும். பழியோடு வாழப் பழகிவிட்டோம். அவள் சுவரைத் தடவி நடக்கட்டும்.

ஏப்ரல் 5

தனுஷா கடைக்கு வந்தாள், தாய்க்கு வாசிப்புக் கண்ணாடி எடுக்க. சதீசன் மச்சானுக்குப் பேசியிருக்கிற பெண் இவள்தான். செங்கலடிச் சந்தைக்குப் பின்னால் வீடு, சீதனமாக மாடி கட்டுகிறார்கள். என்னை அவளுக்கு யாரென்று தெரியாது. "அக்கா, எங்கட அம்மாக்கு எது வடிவாயிரிக்கும்?" என்று சிரித்துக் கேட்டாள். நல்ல பிள்ளை. அதுதான் கோபம்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கலியாணமும் என்னுடையது மாதிரி நின்றிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மாமி காதுக்குப் போகும், போனால் கிளினிக். விழுங்கிக்கொண்டேன். வட்டச் சட்டம்தான் வடிவு என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மாமி வீட்டிலிருந்து இந்த முறை பலகாரம் வரவில்லை. அப்பா காலையிலிருந்து படலைப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். "துண்டக் குடுத்த நீதானே? போனவவாமா?" என்று கேட்டார். "வரமாட்டன் எண்டவ" என்று சொன்னேன்.

அப்பாவிடம் முதல் பொய்.

மே 11, ஞாயிறு

சின்னம்மாவின் மகள் சுபாஜினிக்குப் பேசி முடித்த கலியாணத்தை மாப்பிள்ளை வீடு வேண்டாமென்று விட்டது. காரணம் கேட்டதற்கு, "அந்தக் குடியில கண் பழுதாமே" என்றார்களாம். சுபாஜினியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் தாயின் தங்கச்சி பெற்றவள் என்பது மட்டும்தான் குறை.

சின்னம்மா வந்து வாசலில் நின்றே பேசினா. "அக்கா, உங்கட வீட்டு நெருப்பு எங்கட கூரைக்கு வந்திட்டு." அம்மா அரிசி புடைத்தாள். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

நான் என்னத்த எண்டு பழியோட வாழுவன் எண்டு எழுதின? பழி எனக்கு மட்டுமா? இன்னும் எத்தின பொம்புளப் புள்ளையள் இரிக்கி எங்கட குடியில... துண்டு இஞ்ச கொப்பிக்குள்ள கிடக்கு.

மே 13

சரி. பேசத்தான் வேண்டும். ஆனால் அவள் வீட்டு அடுக்களைக்குள் காதோடு காதாக இல்லை. அவள் சொன்ன சொல் ஊர்ச் சபை முழுக்கப் போயிற்று. நானும் சபையில்தான்.

வைகாசிச் சடங்கு வருகிறது. அம்மன் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். அவளுடைய குடிக்குச் சனிக்கிழமை, ஜூன் ஏழு. அன்றைக்குக் குடி முழுவதும் அங்கே நிற்கும்; சம்பந்தி வீடும் நிற்கும். அன்றைக்குத்தான் ஹஜ்ஜுப் பெருநாள், கடை பூட்டு. மிஷினைக் கேட்டேன். பஸ்லான் காக்கா, "நல்ல காரியத்துக்குத்தானே புள்ள? கொண்டு போ" என்றார்.

ஓம் காக்கா, நல்ல காரியத்துக்குத்தான்.

ஜூன் 7, சனி

எழுதிவிட வேண்டும். பிந்தினால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

அன்னதான மண்டபத்தில் மேசை போட்டேன். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஒலிபெருக்கியில், "இலவசமாகக் கண் பார்க்கப்படுகிறது" என்று அறிவித்தார். இலவசம் என்றதும் சனம் வரிசை கட்டியது. ஒவ்வொருவரின் இலக்கத்தையும் சத்தமாக வாசித்துக் கொப்பியில் எழுதினேன். பதினாறு. பதினெட்டு. பதின்மூன்று. வழக்கமாக எவருடைய இலக்கத்தையும் அவருடைய காதில் மட்டும்தான் சொல்வேன். இன்று அப்படி இல்லை. ஒரு பெரியவருக்கு இருபத்தாறு, வாசித்துவிட்டு, "இருபத்தொண்டுக்கு மேல போனா ஆபத்து. இது பரம்பரையில வாற வருத்தம்" என்று விளக்கமும் கொடுத்தேன். கூட்டம் நெருங்கி வந்தது. தனுஷாவின் தாய், நான் எடுத்துக் கொடுத்த வட்டக் கண்ணாடியோடு, முன்னால் நின்றாள்.

அவள் வருவாளா என்று இருந்தது. வந்தாள். நாலு பேர், "சீதேவியக்கா, நீங்களும் பாருங்க" என்று தள்ளினார்கள். "எனக்கென்ன, கிளி மாதிரிக் கண்" என்று சொல்லிக்கொண்டு வந்து இருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. காற்று ஊதப்போகிறது என்றதும் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய கை என்று பார்க்காமலே பிடித்திருப்பாள். பிடித்த பிடி விடவில்லை.

வலது முப்பத்தெட்டு. இடது முப்பத்துநாலு.

வாசித்தேன். மண்டபத்தின் கடைசிவரை கேட்க வாசித்தேன். "சீதேவிப்பிள்ளை, முப்பத்தெட்டு!" நாலு மாதம் விழுங்கினது எல்லாம் அந்தக் குரலில் வந்தது.

அவள் தாடையை எடுக்காமலே கேட்டாள்: "கூடத்தான் வந்திரிக்கி. நல்லதோ புள்ள?"

சொல்வதற்கு மூன்று மாதமாகக் கட்டி வைத்திருந்த வசனம் இருந்தது. 'இப்ப சொல்லுங்க மாமி, எந்தக் குடி குருட்டுக் குடி?' அது வரவில்லை. பின்னால் கதிரை ஒன்று விழுந்தது. அப்பா. எழும்பி, ஆட்களையும் மேசையையும் இடித்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி வந்தார். "அக்கா, எங்க நிக்கிற? அக்கா..." அவள் இடப்பக்கம் திரும்பித் தேடினாள். அப்பா வலப்பக்கம் நின்றார். இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் காணவில்லை.

சனத்துக்கு விளங்கிவிட்டது. நான் வாயே திறக்கத் தேவையிருக்கவில்லை.

ஜூன் 8

வென்றுவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

அப்பாவின் நச்சரிப்பில் நானே மாமியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்துகிற பரிசோதனை. உள்ளே மாமி அழுத்துகிற சத்தம் வெளியே கேட்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வலது கண்ணில் பூட்டின் திறப்புத் துவாரம் அளவுதான் மிச்சம். இடது பாதி.

மாமியை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "பெப்ரவரியிலை துண்டு தந்தனான் எல்லோ? ஏன் பிந்தினவை?"

"வரமாட்டன் எண்டவ, டொக்டர்."

அதே பொய்தான். இரண்டாம் முறை இலகுவாக வந்தது. அந்த நாலு மாதத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். "இது வருசக் கணக்காப் போனது. நாலு மாசத்திலை எவ்வளவெண்டு என்னாலை சொல்லேலாது. போனது வராது, இருக்கிறதைக் காப்பாத்துவம்." கொஞ்சம்தான் என்று சொல்லியிருக்கலாம். நிறைய என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 6

சுபாஜினியின் மாப்பிள்ளை வீடு திரும்பி வந்து கேட்டிருக்கிறது. சின்னம்மா மாட்டேன் என்றுவிட்டா! அம்மா இன்று பாடிக்கொண்டே மீன் வெட்டினாள்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

சதீசன் மச்சானின் கலியாணம். நின்றுவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது, தனுஷா அசையவில்லையாம். "மருந்து இரிக்கிதானே" என்றாளாம். மச்சானுக்கு அழுத்தம் பதினாறு. ஒன்றுமில்லை.

பெற்ற மகனுக்கு வராதது தம்பியின் மகளுக்கு வந்திருக்கிறது. குடிக் கணக்கில் மாமியின் ஒரு பிடி மண்ணிலும் எனக்கு உரிமையில்லை. கண் கணக்கில் அவளுக்கு நான்தான் வாரிசு.

ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு, செங்கலடிக்குப் போய்விட்டார். மாமிக்குப் பெண் பிள்ளை இல்லை. பகலெல்லாம் தனி, இரவும் தனி.

செப்டம்பர் 3

மாமியின் ஒரு மாதத்து மருந்துக் குப்பி பத்து நாளில் முடிந்துவிட்டதாம். துளி கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுகிறது. கழுத்துச் சட்டை நனைந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். அம்மாவே சொன்னாள்! "நீ போய் விட்டுட்டு வாவன் புள்ள."

நான் ஏன்?

செப்டம்பர் 4

போனேன். இரக்கத்தில் இல்லை. அவளுக்கு முழுக்க இருட்டானால் நான் தப்பிவிடுவேன், அவளும் தப்பிவிடுவாள். மிச்சக் கண்ணால் ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்க்கட்டும். ஆறு மணிக்கு ஆறு மணிக்கு வந்து நிற்பேன். குருட்டுக் குடிப் பெண் வந்திருக்கிறேன், அண்ணாந்து பாருங்கள் மாமி.

செப்டம்பர் 21

மருந்தால் இமைமயிர் நீண்டு கறுக்கும் என்று டொக்டர் சொன்னது சரி. எனக்கும் வந்திருக்கிறது, மாமிக்கும் வந்திருக்கிறது. அறுபத்துமூன்று வயதில் மை போட்ட புதுப்பெண் மாதிரி. சொன்னேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படலை தாண்டின பிறகுதான் என் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

போனபோது பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை அன்ரி இருந்தா. மாமி அவவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அண்டைக்கு இவள் மட்டும் மிஷினக் கொண்டு வராட்டி நான் இண்டைக்குக் குருடி. நான் செஞ்சதுக்கு இவள் எனக்குச் செஞ்சதப் பாருங்க. அம்மாள் அனுப்பின புள்ள."

எதையும் தாங்குவேன், இதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். முறைத்திருக்கலாம். அம்மாள் அனுப்பின பிள்ளையாம்!

வீட்டுக்கு ஓடினேன். இந்தக் கொப்பிக்குள் இருந்து துண்டை எடுத்தேன். திரும்பிப் போனபோது அன்ரி போய்விட்டா. மாமியின் கையில் கொடுத்தேன்.

"என்னகா இது?"

"வாசிங்க."

இடது கண்ணுக்குக் கிட்டக் கிட்டக் கொண்டு போனாள். பெயரை வாசித்தாள். வயதை வாசித்தாள். திகதியில் நின்றாள். விரல் வைத்து இன்னொரு முறை வாசித்தாள். சடங்குக்கு நாலு மாதம் முன்னால் என்று கணக்குப் பார்த்திருப்பாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னத்தச் சொல்ற? 'வேணுமெண்டுதான் வச்சிருந்தன் மாமி' எண்டா?

மடித்து இடுப்பில் செருகினாள். அன்றைக்கு மருந்து விடாமல் வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

ஆறு மணி. போவதா, விடுவதா? ஒழுங்கை முனையில் நின்று நின்று பார்த்தேன். ஒரு நாள் விடுபட்டாயிற்று; இரண்டு நாள் விடக்கூடாது.

கதவு திறந்திருந்தது. குப்பியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தாள். எனக்கு வழக்கமாகப் போடுகிற கதிரை அதே இடத்தில், அவளுக்குக் கண் தெரிகிற இடப்பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் கிளினிக் கொப்பி. முதல் பக்கத்துக்குள், டொக்டர் கொப்பியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி, அந்தத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். தலையை அண்ணாந்து, கண்ணை அகலத் திறந்தாள்.

"விடு புள்ள."

முதல் துளி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது கண்ணில் விழுந்தது.

கன்னத்தில் விழுந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இருபத்துமூன்றாம் திகதி கிளினிக். நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.